இடது கரை இல்லாத நாட்கள்

உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "ரொம்ப வலிச்சுதா டீச்சர்?"

வலிக்கவே இல்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. உலகத்தில் பாதி என்னை விட்டுப் போயிருந்தது, போனது எனக்குத் தெரியவில்லை. ஆரம்பத்தில் பயமும் இல்லை. பயப்பட வேண்டுமானால் ஏதோ காணாமல் போயிருக்கிறது என்றாவது தெரிய வேண்டுமே. இதை எழுதி வைத்தால் இதே நோயோடு படுத்திருக்கும் யாருடைய வீட்டாருக்காவது உதவும் என்று டாக்டர் நூர்ஜஹான் சொன்னார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் தமிழ்ச்செல்வி. வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், இருக்கிறது எங்கள் ஊர். கணவர் இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் வளர்மதி, கும்பகோணத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை.

அன்றைக்கு ஏழாம் வகுப்புக்குக் காவிரிப் பாடம். மேட்டூரை எப்போது திறப்பார்கள், கர்நாடகம் தண்ணீர் விடுமா என்பதுதான் அந்த வருஷம் டீக்கடை முதல் ரேஷன் கடை வரை பேச்சு. பிள்ளைகளும் ஆற்றைப் பற்றி என்றால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். கரும்பலகையில் ஆற்றை வரைந்து, ஒவ்வொரு கிளைக்கும் பெயர் எழுதினேன். வகுப்பில் சலசலப்பு எழுந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், குடகையும் மேட்டூரையும் காணுமே" என்றாள்.

பலகையைப் பார்த்தேன். கல்லணை இருந்தது. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எல்லாம் இருந்தன. ஓரத்தில் கடல் இருந்தது. "எல்லாம் இருக்கே, உக்காரு" என்றேன்.

பலகையின் நடுவில் திடீரென்று ஓர் ஆறு பிறந்து கிழக்கே ஓடியிருந்ததாம். இடப்பாதியில் ஒரு கோடு கூட இல்லையாம். பிறகுதான் சொன்னார்கள். என் கண்ணுக்கு அந்தக் காலி இடமே இல்லை. பலகை அவ்வளவுதான், காவிரியும் அவ்வளவுதான்.

மணி அடித்ததும் வெளியே வரும்போது கதவு நிலையில் இடது தோள் மோதி விழுந்தேன். எழுந்திருக்க இடது கையை ஊன்ற வேண்டும் என்றே தோன்றவில்லை. தலைமை ஆசிரியர் ஒரு காரைப் பிடித்துக் கும்பகோணத்துக்கு அனுப்பினார். அங்கே பார்த்துவிட்டு, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வழியில் கார் ஜன்னலில் வயல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எல்லாம் வலப்பக்கத்து வயல்கள். சாலைக்கு ஒரு பக்கம்தான் ஊர்கள் இருந்தன. அது எனக்கு விசித்திரமாகவும் படவில்லை.

மண்டை ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை நுழைத்து, ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் மூளையை அடுக்கடுக்காகக் காட்டும் எக்ஸ்ரே அது. வலது பக்கத்து மூளையில், காதுக்கு மேலே சற்றுப் பின்தள்ளி, ஒரு திட்டு கறுத்துக் கிடந்தது. அந்த இடத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. ஊரில் பக்கவாதம் என்போம். எனக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததே அதுவரை தெரியாது. இடது கை கொஞ்சம் சோர்ந்திருந்தது, கால் கொஞ்சம் இழுத்தது. பேச்சு குழறவில்லை. "தப்பிச்சீங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. ஜன்னல் எனக்கு வலப்பக்கம். வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் அது இலைகளை மூடிக்கொள்வதையும் காலையில் விரிப்பதையும் பார்த்தபடியே கிடந்தேன். என் கண்கள் அந்தப் பக்கமே இருந்தன. நான் வைக்கவில்லை, தாமாகவே போய் அங்கே தங்கிவிட்டன. மின்விசிறி சுற்றும் சத்தத்தில் கட்டில் மெல்ல நகர்ந்துபோவது போல இருக்கும். கண்ணை மூடினால் பரிசலில் போகிறேன். ஆறு நிறையத் தண்ணீர். ஒரு பக்கம் கரை, நாணல், படித்துறை, துணி துவைக்கும் பெண்கள். அடுத்த பக்கம் எதுவும் இல்லை. மூடுபனியும் இல்லை, இருட்டும் இல்லை. ஆற்றுக்கு ஒரே ஒரு கரை. உலகம் அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் போல நிம்மதியாக மிதந்தேன்.

அந்த மிதப்பில் ஒரு முள் மட்டும் குத்திக்கொண்டிருந்தது. என் தம்பி மாரிமுத்து என்னைப் பார்க்க வரவில்லை.

எங்களுக்குள் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதற்காக அடி வாங்கியவர். குத்தகைச் சட்டங்கள் வந்து, விவசாயத் தொழிலாளர் சங்கம் வலுத்து, அவர் வேலை பார்த்த நிலத்தில் ஐந்து மாவுக்கு, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், அவரே குத்தகைதாரர் ஆனார். பண்ணை வீட்டார் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்குமாகச் சென்னைக்குக் குடிபோனபோது, அந்த ஐந்து மாவை அவருக்கே விற்றுவிட்டுப் போனார்கள். எங்கள் சனத்தில் சொந்த நிலம் என்று முதலில் வரப்பு வெட்டியவர் அவர். அம்மா அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டவள். பிறகு அதே வயலில் சொந்தக்காரியாகவும் நட்டாள்.

இரண்டு பேரும் போன பிறகு, தம்பி தாலுகா ஆபீசில் தான் ஒருவனே வாரிசு என்று எழுதிக் கொடுத்துப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். நான் பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தேன். பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு என்று அரசாங்கம் சட்டம் போட்டு ஊரெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்த காலம் அது. கேட்டதற்கு, "நீ கட்டிக்குடுத்துப் போனவ, மாசமானா சம்பளம் வருது. சேத்துல நிக்கிறவன் நான்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பிறக்கவே இல்லை என்பதுபோல் எழுதிக் கொடுத்திருந்தானே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டேன். அதிலிருந்து நல்லது கெட்டதில்கூடப் பேச்சு இல்லை.

ஆனாலும் படுத்துவிட்டேன் என்று தெரிந்தால் வருவான் என்று எதிர்பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவன் வரவில்லை.

குரல் மட்டும் வந்தது. அதுதான் வேடிக்கை. மத்தியான நேரம் வார்டு அடங்கியிருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியிலிருந்து, மரத்துக்குள்ளிருந்து, "அக்கா" என்று முத்து கூப்பிடுவான். நான் மரத்துப் பக்கம் இன்னும் திரும்பிப் பார்ப்பேன். இலைதான் அசையும். சில சமயம், "கஞ்சி குடிச்சியாக்கா?" என்பான். ஆசைதான் குரலாக வருகிறது என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணோரம் நனைந்துவிடும். வளர்மதியிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் மாமாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குக் கொதிப்பு ஏறக் கூடாது என்று ஜாக்கிரதையாக இருந்தாளாம்.

முதலில் சந்தேகப்பட்டவளும் வளர்மதிதான். இட்லித் தட்டில் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு வாங்கிட்டு வாடி, பசி அடங்கல" என்றேன்.

"தட்டுல ரெண்டு இருக்கேம்மா."

"எங்க இருக்கு?"

அவள் தட்டை அரைச் சுற்று திருப்பினாள். வெறும் தட்டில் இட்லி முளைத்தது. சின்னப் பிள்ளை மாதிரி எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் டாக்டரிடம் சொன்னாள்; அன்று மத்தியானம் அவர் வந்தார்.

டாக்டர் நூர்ஜஹான் நாகூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயசு. பேசும்போது அவசரமே இருக்காது. ஒரு வெள்ளைத் தாளில் இங்குமங்குமாகச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். "எல்லாம் முடிச்சிட்டீங்களா?" "முடிச்சாச்சு." ஒரு பூ வரையச் சொன்னார். வரைந்தேன். வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். பூவுக்கு ஒரு பக்கம்தான் இதழ்கள் இருந்தனவாம்.

"டீச்சர், கண்ணை மூடிக்கங்க" என்றார் டாக்டர். "உங்க ஊர்த் தெருவுல கோயில்கிட்ட நிக்கிறீங்க. வாய்க்காலைப் பாத்து நடந்து போறீங்க. வழியில என்னென்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே வாங்க."

நடந்தேன். அந்தத் தெரு அவ்வளவு தெளிவாக எனக்குள் இருந்தது. ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, சங்கத்துக் கொடிக்கம்பம், தையல்காரர் வீடு என்று சொல்லிக்கொண்டே போய் வாய்க்கால் கரையில் நின்றேன்.

"இப்ப வாய்க்கா கரையிலேர்ந்து கோயிலுக்குத் திரும்பி வாங்க."

திரும்பினேன். அரிசி ஆலை வந்தது, பால் சொசைட்டி வந்தது, நான் பிறந்து வளர்ந்த வீடு வந்தது. இப்போது அதில் தம்பி குடியிருக்கிறான். ரேஷன் கடையும் கொடிக்கம்பமும் தெருவிலேயே இல்லை. போகும்போது பிறந்த வீட்டை விட்டுவிட்டேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு நினைவுக்குள் நடந்தேன், அங்கேயும் எனக்கு இடப்பக்கம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதன்முறையாகப் பயந்தேன். "டாக்டர், எனக்கு என்ன ஆச்சு?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி வளர்மதி போய்ச் சாப்பிட்டுட்டு வரட்டும்" என்றார். அவள் போன பிறகு என் தலைமாட்டில் நின்றுகொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கிறவர் யாரும்மா?"

"எந்த ஸ்டூல்?"

"உங்க பக்கத்துல."

"யாருமில்லையே. என் பொண்ணுதான், இப்பதானே சாப்பிடப் போனா."

மரத்துப் பக்கத்திலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

டாக்டர் என் தாடையைப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல இடப்பக்கம் திருப்பினார். கழுத்து வர மறுத்தது. ஜன்னல் போயிற்று, மரம் போயிற்று. எதிர்ச்சுவர் வந்தது, அதற்கு அந்தப் பக்கம் இன்னும் சுவர் இருந்தது. இன்னும் திருப்பினார். ஒரு முழங்கால் வந்தது. அதன்மேல் ஒரு கை. நகக்கண்ணில் சேறு காய்ந்த கை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து ஒருவர் மெல்ல எழுவதுபோல் தோள், கழுத்து, முகம். முத்து.

"எப்படா வந்தே?"

"எப்ப வந்தேனா?" அவன் குரல் உடைந்தது. "தினம் மத்தியானம் இங்கதானக்கா உக்காந்திருக்கேன். கூப்பிட்டா நீ அந்தாண்ட திரும்பிக்கிறே. என் மூஞ்சியில முழிக்கப் புடிக்கலைன்னு நெனச்சேன்."

"அப்படி நெனச்சவன் எதுக்கு மறுபடி மறுபடி வந்தே?"

"வேற எங்க போகச் சொல்றே?"

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இளைத்திருந்தான். அதற்குள் வளர்மதி பிளாஸ்க்கை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து, ஜன்னல் பக்கம் நின்று, "அம்மா" என்றாள். அவ்வளவுதான். தம்பி அணைந்துபோனான். விளக்கை ஊதினால் அணையுமே, அப்படி. அங்கே என் மகள் மட்டும் இருந்தாள்.

"மாமா எங்கடி போயிட்டான்?" என்று அலறிவிட்டேன்.

"இங்கதானக்கா இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று மரத்திலிருந்து குரல் வந்தது.

அன்று டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். எனக்கு நினைவிருக்கிற வரையில் எழுதுகிறேன்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பும் நல்லா இருக்கு. இடப்பக்கத்துப் படமும் உள்ள வந்து சேருது. ஆனா வந்த படத்தைக் கவனிக்கணும்ல, அந்தக் கவனிக்கிற எடம் அடிபட்டுப் போச்சு" என்றார். "நம்ம கண்ணு ஒரு எடத்துல நிக்காது. ஒவ்வொரு நொடியும் அங்கயும் இங்கயும் தாவிக்கிட்டே இருக்கும், நமக்குத் தெரியாது. எங்க தாவணும்னு மூளைதான் சொல்லணும். அதுக்குன்னு நரம்பு செல்லுங்க இருக்கு. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு எடம் பொறுப்பு. உங்க வலக்கைப் பக்கம் ஒரு ஈ பறந்தா, அந்த எடத்துக்குப் பொறுப்பான செல்லுங்க துடிக்கும். எது ரொம்ப பலமாத் துடிக்குதோ, அங்க கண்ணு தாவும். கண்ணு நகர்றதுக்கு முன்னாலயே அந்தச் செல்லுங்க துடிக்க ஆரம்பிச்சிடும். மொதல்ல கவனம் போகும், அப்புறம்தான் கண்ணு போகும்."

"இடப்பக்கம் மட்டும் ஏன் டாக்டர் போச்சு?" என்று கேட்டாள் வளர்மதி.

"பெரும்பாலானவங்களுக்கு வலது மூளை ரெண்டு பக்கத்தையும் பாத்துக்கும். இடது மூளை முக்கியமா வலப்பக்கத்தைத்தான் பாத்துக்கும். இடது மூளைக்கு அடிபட்டா, ரெண்டு பக்கமும் பாக்கத் தெரிஞ்ச இன்னொண்ணு இருக்கு. வலது மூளைக்கு அடிபட்டா இடப்பக்கத்துக்கு ஆளே இல்ல. அதுலயும் ரெண்டு பக்கமும் எப்பவும் போட்டி. வலப்பக்கம் ஒண்ணுமே இல்லைன்னா இடப்பக்கத்துச் செல்லுங்க கொஞ்சம் தலையெடுக்கும். வலப்பக்கம் ஏதாவது வந்துட்டா அமுங்கிப் போயிடும். அதான் உங்க பொண்ணு வந்ததும் தம்பி மறைஞ்சுட்டார். குரலும் அப்படித்தான். இடப்பக்கம் பேசினா, வலப்பக்கம் பேசற மாதிரி உங்களுக்குக் கேக்குது."

கடைமடையில் பிறந்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. மேல்மடைக்காரர்கள் மதகைத் திறந்துவிட்டால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. வாய்க்கால் இருக்கிறது, வயல் இருக்கிறது, தண்ணீர்தான் வந்து சேருவதில்லை. என் தலைக்குள் இடப்பக்கம் கடைமடை ஆகிவிட்டது.

"சரியாயிடுமா?" என்றான் முத்து.

"கொஞ்சம் தானா சரியாகும். மீதியைப் பழக்கணும். தன்னால திரும்பாத கண்ணை வேணும்னு திருப்பணும். எல்லாரும் இடப்பக்கமே உக்காருங்க, அங்கேர்ந்தே பேசுங்க, அங்கேர்ந்தே சோறு குடுங்க. பளிச்சுன்னு ஏதாவது இடப்பக்கம் கட்டி வைங்க. அது கண்ணுல படற வரைக்கும் தலையைத் திருப்பிக்கிட்டே இருக்கணும்."

மறுநாள் அவன் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தான். தலையைத் திருப்பி, பிடிப்பை நழுவவிடாமல் அவனைப் பார்த்தேன். அவன் சொன்னான்: "நெனச்சா தாங்க முடியலக்கா. ஒட்டி உக்காந்திருக்கேன், உனக்கு நான் இல்லவே இல்ல. இருக்கிறவனை இல்லைன்னு ஆக்கிடுச்சே இந்த நோவு."

சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது. "எனக்கும் அப்படித்தான்டா இருந்துச்சு. ஒரே வாரிசுன்னு எழுதிக் குடுத்தியே, அன்னைக்கு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வளர்மதி என்னிடம் சண்டை போட்டாள். "உடம்பு சரியில்லாத நேரத்துலயாவது நெலத்தை விடேம்மா" என்றாள். மத்தியானம் ஆனதும், யாரும் சொல்லாமல், யாரும் தாடையைப் பிடிக்காமல், கழுத்தை இழுத்து இழுத்து இடப்பக்கம் திருப்பினேன். கட்டில் விளிம்பு வந்தது. தரை வந்தது. ஸ்டூல் வந்தது. அதில் யாரும் இல்லை. என் சொந்த முயற்சியில் நான் முதலில் பார்த்த பொருள் அந்தக் காலி ஸ்டூல்தான். இல்லாத ஒன்றை இல்லை என்று பார்க்க முடிந்ததே என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். நான் அழுதேன்.

மூன்றாம் நாள் வந்தான். ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "பளிச்சுன்னு ஒண்ணு கட்டச் சொன்னாங்கள்ல, கட்டினீங்களா?" என்று வளர்மதியைக் கேட்டான். அவள் விழித்தாள். அவனே தோளிலிருந்த சங்கத்துச் சிவப்புத் துண்டை எடுத்து, கட்டிலின் இடப்பக்கத்துக் கம்பியில் இறுக்கி முடிந்தான்.

"கூட்டத்துக்குப் போகணும்னா?" என்றேன்.

"வேற துண்டு இருக்கு."

அதன்பிறகு அதுதான் என் வேலை. சிவப்பைத் தேடுவது. தினசரிப் பத்திரிகையின் இடது ஓரத்தில் வளர்மதி சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் தருவாள். அந்தக் கோடு கண்ணில் படும் வரை பின்னால் போய், அங்கிருந்து வரியைத் தொடங்க வேண்டும். அதுவரை செய்திகளைப் பாதியிலிருந்து படித்து, நாடே பைத்தியம் பிடித்ததுபோல் பேசுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முத்து மத்தியானத்தில் ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, மெல்ல இடப்பக்கம் நகர்த்துவான். "பாரு, பாரு, விட்டுடாதே." கண் பாதி வழியில் வழுக்கி மரத்துக்கு ஓடிவிடும். "போச்சு, மாடு மாதிரி ஓடுது" என்பான். மறுபடி முதலிலிருந்து. களைத்துப்போய்க் கண்ணை மூடினால் அதே பரிசல், அதே ஆறு. ஒரு நாள் அந்த ஆற்றில், வெகு தூரத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பென்சிலால் கீறியதுபோல் இடது கரை தெரிந்தது. எழுந்ததும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயமாக இருந்தது.

வழக்கைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்பு வேறு, நிலம் வேறு என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவன் தினமும் வந்ததனால் என் கோபம் போய்விடவில்லை. என் கோபத்தினால் அவன் வராமலும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தனியாக எச்சரித்தார். சாலையைக் கடக்கும்போது யாராவது கையைப் பிடிக்க வேண்டும். களைப்பாக இருக்கும்போது இடப்பக்கம் மறுபடி நழுவும். முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. வேலை என்னவாகும் என்ற கவலையில் அந்த மாதங்கள் கழிந்தன. நீண்ட விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போனபோது, பலகையின் இடது ஓரத்தில் சிவப்பு சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போதும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு அது டீச்சரின் வழக்கம், அவ்வளவுதான்.

குறுவை அறுத்து வயல் காய்ந்திருந்த ஒரு காலையில் முத்து வாசலில் வந்து நின்றான். "வக்கீல்கிட்ட சொல்லிட்டேன், ராஜி போட்டு வழக்கை முடிச்சுக்கலாம்னு. சர்வேயர் வந்திருக்காரு, வா."

"திடீர்னு என்னடா?"

"திடீர்னெல்லாம் இல்ல. வா."

நான் மேற்கொண்டு கிளறவில்லை. வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். வாய்க்கால் கரையில் சர்வேயர் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முத்து வயலைப் பார்த்து நின்றபடி, "சரிபாதி. எந்தப் பக்கம் வேணும்னு நீயே சொல்லு" என்றான்.

பார்த்தேன். முதலில் வலப்பக்கம்தான் வந்தது. மதகுக்குப் பக்கம், தண்ணீர் முதலில் ஏறும் நல்ல வயல். அதோடு நிலம் முடிந்துவிட்டது போலத் தோன்றியது. முடிந்திருக்காது என்று எனக்குத் தெரியும். கழுத்தைத் திருப்பினேன். தாள் நின்ற வயல் நீண்டுகொண்டே போயிற்று. நடுவரப்பு, அதற்கு அப்பால் ஒரு கொக்கு, அதற்கும் அப்பால் மேடு. இன்னும் திருப்பினேன். கடைசி வரப்பில் ஓர் இலவ மரம்.

"இடப்பக்கம்" என்றேன்.

முத்து பதறிவிட்டான். "அக்கா, அது மேடு. தண்ணி கடைசியிலதான் ஏறும். உனக்கு வலப்பக்கந்தானே நல்லாத் தெரியும், அதையே எடுத்துக்க."

"தெரியிற பக்கத்தை நீ வச்சுக்கடா. தெரியாத பக்கத்தை உங்கிட்ட விட்டுட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கறது?"

ஒரு கணம் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு வயலே அதிரச் சிரித்தான். சர்வேயர் திரும்பிப் பார்த்தார். வழக்குப் போட்ட நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

"ஐயா, அந்தக் கோடியிலேர்ந்து புடிங்க" என்று சொல்லிவிட்டு, சங்கிலியின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு அவன் இறங்கி நடந்தான். இடப்பக்கமாகத்தான் போனான். நடுவரப்பு வந்தது, கொக்கு பறந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைசி வரப்புக்குப் போய் அவன் குனிந்து முனையைத் தரையில் வைக்கும் வரை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தான்.